ரைலண்ட்ஸ் விதி: ஆஸ்திரேலியா கைவிட்டதை இந்தியா இறுக்கியது ஏன்?

கேள்வி: 1868 இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் எதிர் பிளெச்சர் வழக்கில், நீர்த்தேக்கம் உடைந்து சுரங்கம் மூழ்கியதற்குக் கவனக்குறைவு இல்லாமலே பொறுப்பு சுமத்தினார்கள். 1994இல் ஆஸ்திரேலியா அதைக் கைவிட்டது. இந்தியா மட்டும் ஏன் எதிர்த்திசையில்?

பதில் 1: டெல்லி ஆலையின் ஓலியம் (அடர் கந்தக அமிலம்) வாயுக் கசிவு வழக்கில் (மேத்தா வழக்கு) உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பகவதி சொன்ன காரணம் இதுதான்: ஆபத்தைக் கண்டறிந்து தடுக்கும் வசதி ஆலைக்குத்தான் உண்டு, லாபம் பார்ப்பவரே இழப்பையும் சுமக்கட்டும். ஆகவே இயற்கைச் சீற்றம், மூன்றாம் நபர் செயல் என்ற விலக்குகள் செல்லாது. நிறுவனம் பெரிதென்றால் இழப்பீடும் பெரிது.

பதில் 2: ஆஸ்திரேலியா கைவிட்டது பாதிதான். அந்த 1994 பர்னி துறைமுகத் தீர்ப்பு ரைலண்ட்ஸ் விதியைக் கவனக்குறைவுக்குள் கரைத்தாலும், ஆபத்தான வேலையை ஒப்பந்ததாரரிடம் விட்டுத் தப்ப முடியாது என்றது.

பதில் 3: வழக்காடும்போது மேத்தா தீர்ப்பை எல்லாவற்றுக்கும் இழுக்காதீர்கள், ஆபத்தான தொழிலுக்கு மட்டும். எதிர்த்தரப்பு, போபால் வழக்கில் 1991இல் தலைமை நீதிபதி மிஸ்ரா அதை வெறும் பக்கக் கருத்து (கட்டுப்படுத்தாத கருத்து) என்றதைக் காட்டும். அதற்குப் பதிலாக, மேத்தா பக்கக் கருத்து அல்ல என்ற 1996 பிச்ரி தீர்ப்பைக் கையில் வையுங்கள்.