“நான் வேணும்” என்று வருகிறது: பேச்சுக் கருவியில் எனக்கு, உனக்கு எப்படிப் பழக்குவது?

கேள்வி (சிறப்பாசிரியர்):
6 வயதுப் பையன், ஆட்டிசம். பேச்சுக்குப் பதில் டேப்லெட், பட்டனை அழுத்தினால் அந்தச் சொல்லை அதுவே சொல்லும். அதில் 20 பட்டன் பக்கம். பிஸ்கட், ஊஞ்சல் எல்லாம் சரியாக அழுத்துகிறான். “நான் – வேணும் – பிஸ்கட்” என்று பழக்கினால் ‘நான்’ பட்டனைத் தொடுவதேயில்லை. “உனக்கு வேணுமா?” என்றால் “உனக்கு வேணும்” என்கிறான். எங்கே பிசகு?

பதில் (பேச்சுப் பயிற்சியாளர்):
முதல் பிசகு டேப்லெட் பக்கத்தின் அமைப்பில்தான். அது ஆங்கிலப் பக்கத்தை அப்படியே தமிழாக்கியது. “நான் வேணும்” என்றால் ‘என்னைத்தான் கேட்கிறார்கள்’ என்றல்லவா பொருள்! தமிழில் வேணும், பிடிக்கும், தெரியும், வலிக்குது எல்லாமே ‘எனக்கு’வோடுதான் சேரும். அதனால் முதலில் வைக்க வேண்டியது ‘எனக்கு’. இடது ஓரத்தில் எனக்கு, உனக்கு, நடுவில் பொருள்கள், வலது ஓரத்தில் வினை. விரல் போகிற வரிசையே வாக்கியமாகிவிடும். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளில் பட்டன்களைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதீர்கள். விரல் இடத்தை வைத்துத்தான் தேடும்.

‘நான்’ வைக்கும்போது ‘போ’ பட்டனோடு சேர்த்தால் “நான் போ” என்றுதான் வரும். ‘போறேன்’, ‘ஊதறேன்’ என முழுச் சொல்லாகவே தனிப் பட்டன் வையுங்கள். ‘நீ’க்கு இந்தத் தொல்லை இல்லை. நீ ஊது, நீ தள்ளு, நீ போடு. சோப்புக் குமிழி விளையாட்டில் “நீ ஊது” என்று அவன் அழுத்தியதும் நீங்கள் ஊத வேண்டும், உடனே.

பதில் (இன்னொரு பயிற்சியாளர்):
“உனக்கு வேணும்” என்பது கேட்டதைத் திருப்பிச் சொல்வது. கேள்வி கேட்டுக் கேட்டு இதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே தட்டோடு, “யாருக்கு?” என்கிறார். மற்றவர் பையனுக்குப் பக்கத்தில் இருந்து, அதே கருவியில் ‘எனக்கு’ அழுத்தி, நெஞ்சைத் தொட்டு, பிஸ்கட்டை வாங்கித் தானே தின்கிறார். அடுத்த “யாருக்கு?” வந்ததும் 10 நொடி சும்மா இருங்கள். அவன் கையைப் பிடித்து அழுத்த வைக்காதீர்கள்.

இன்னொன்று: ‘எனக்கு’ பட்டனில் பையனின் போட்டோ இருக்கிறதா? எடுத்துவிடுங்கள். போட்டோ இருந்தால் அது அவன் பெயராகிவிடும், அம்மா அழுத்தினாலும் அவனைத்தான் குறிக்கும். தன்னை நோக்கிக் காட்டும் விரல் படம் போதும். அந்தப் படம் எதிரே உட்கார்ந்தவருக்குத் தலைகீழ், அதனால் பழக்குபவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

கேட்டவர்:
ஒவ்வொரு முறையும் ‘எனக்கு’ சொல்ல வைக்க வேண்டுமா?

பதில் (முதல் பயிற்சியாளர்):
வேண்டாம். “பிஸ்கட் வேணும்” முழுத் தமிழ் வாக்கியம். நாமும் அப்படித்தான் பேசுகிறோம். பங்கு போடும்போது, யாருக்கு என்பது தெரியாவிட்டால் காரியம் நடக்காது என்ற இடத்தில் மட்டும் எதிர்பாருங்கள்.

பதில் (பெற்றோர்):
எனக்கு, உனக்கு இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். கருவியின் குரலில் அது அமுங்கினால், வீட்டில் ஒருவர் நிறுத்திச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். கோவைப் பக்கம் பிள்ளையையே “வாங்க, சாப்பிடுங்க” என்று அழைக்கும் வீடானால், ‘உனக்கு’வுக்குப் பதில் ‘உங்களுக்கு’ வையுங்கள். வீட்டில் காதில் விழாத சொல் பட்டனில் மட்டும் இருந்தால் ஒட்டாது.