வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரு ஜொயின்ட் கொம்பவுண்ட் சுவர்

வெள்ளவத்தையில், கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள எங்கள் தொடர்மாடி வீட்டின் வரவேற்பறைச் சுவரில், மேடுபள்ளமான ஓர் அலங்கார வேலைப்பாடு செய்ய வேண்டுமென்று நெடுநாளாக ஆசைப்பட்டிருந்தேன். ஆமர் வீதியில் ஒரு வாளி ஜொயின்ட் கொம்பவுண்ட் வாங்கி, ஐப்பசி மழை விடாது பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். ஜிப்சம் போர்ட் பொருத்துகளை மூடுவதற்கென உருவான இந்தக் களிம்பு, வாளியில் கலந்து வரும் வகையாயின், நீர் வற்றினால் மட்டுமே இறுகும். சீமெந்துபோல் தானாகக் கெட்டியாகாது. அதை எண்ணிப் பாராமல் அரை அங்குலத் தடிப்பில் ஒரே தடவையாக அப்பிவிட்டேன். நான்காம் நாள் அது வற்றிய குளத்துச் சேறுபோல் வெடித்தது. ஓரிடத்தில் பழைய எனாமல் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று விழுந்தது.

அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான கொட்டாஞ்சேனை மேசன் பாஸ் வந்து பார்த்தார். ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி, "காலையில எடுத்துப் பாருங்க தம்பி, சுவரே சொல்லும்" என்றார். விடிந்ததும் அதன் உட்பக்கத்தில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது. வெளிச்சுவர் வெடிப்பினூடாக மழைநீர் இறங்கியிருக்கிறது. வெடிப்பை அடைத்து, எனாமலைச் சுரண்டித் தேய்த்து, பிரைமர் பூசி, தை மாதம் வரை காத்திருந்தோம்.

இரண்டாம் முறை களிம்பைத் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, முதலில் ஒரு பலகைத் துண்டில் பழகினேன். சுவரில் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் பூசி, ஈர ஸ்பொஞ்சால் ஒற்றி எடுத்தபோது சிறுசிறு கூர்முனைகள் எழுந்தன. அவற்றை அகலத் தகட்டால் தட்டையாக்கும் தருணத்தில்தான் முழு வேலையும் தங்கியிருக்கிறது. களிம்பு பளபளக்கும்போது தகட்டை இழுத்தால் முனைகள் வழிந்து ஒன்றாகிவிடும். அதிகம் காய்ந்தால் பிய்ந்து வரும். பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கை வைத்துக்கொண்டு, ஈரப் பளபளப்பு மங்கும்வரை பார்த்திருக்க வேண்டும். பொதுவாக 10 முதல் 15 நிமிடம் என்பார்கள். எங்கள் கடற்காற்றில், மின்விசிறி சுழன்றும், அரை மணித்தியாலம் ஆனது. ஆகவே ஒரு நேரத்தில் கை எட்டும் அளவு மட்டுமே பூசினேன். தகட்டை ஏறக்குறையப் படுக்கவைத்து, அழுத்தாமல் இழுத்தபோது, முனைகள் மட்டும் மடங்கிச் சிறு தீவுகளாகப் படிந்தன. அந்தக் கணத்தில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

ஈரம் காயாத சாம்பல் திட்டுகள் முற்றாக வெளுக்க இரண்டு நாள் எடுத்தது. மேடுகளை உலர்ந்த மணல்தாளால் தேய்க்காமல் ஈர ஸ்பொஞ்சால் மட்டும் தடவினேன். உலரத் தேய்த்தால் எழும் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பின்னர் மீண்டும் பிரைமர் பூசியே பெயின்ட் அடித்தோம். குளியலறைச் சுவரிலும் இதையே செய்ய மனைவி விரும்பினார். நீர் பட்டால் இக்களிம்பு மறுபடி இளகிவிடும் என்பதால் அங்கே சீமெந்துப் பூச்சையே வைத்துக்கொண்டோம். வாளியில் மிஞ்சியதன் மேல் பொலித்தீனைப் படிய விரித்து இறுக மூடியிருக்கிறேன்; எதிர்ச்சுவருக்கு அது போதும்.