காதுமடல் மட்டும் போதுமா? ஹோம்ஸின் தொப்பி பற்றி ஒரு தகராறு

பழுப்புத்தாள்:
ஜெரமி பிரெட் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரைப் பற்றிய இழையில் எழுத்தெண்ணி ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "கோனன் டாயில் எழுதிய 60 ஹோம்ஸ் கதைகளில் ஓரிடத்தில்கூட ஹோம்ஸ் முன்னும் பின்னும் விளிம்பு வைத்த அந்த டீர்ஸ்டாக்கர் தொப்பியைப் போடவில்லை. ஓவியர் சிட்னி பேஜெட் கட்டிவிட்டது, சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்." இதை ஆளாளுக்கு ஆமோதித்து வேறு வைத்திருக்கிறீர்கள். ஒருவருக்காவது புத்தகத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லையா?

'சில்வர் பிளேஸ்' கதை. ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் 1892 டிசம்பரில் வந்தது. ஹோம்ஸும் கதையைச் சொல்லும் அவர் நண்பர் வாட்சனும் எக்ஸிடர் போகும் ரயிலில் முதல் வகுப்புப் பெட்டியின் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேடிங்டன் நிலையத்தில் வாங்கிய செய்தித்தாள் கட்டை ஹோம்ஸ் ஒவ்வொன்றாக மேய்கிறார். அந்த இடத்தில் வாட்சன் அவர் முகத்தைச் சொல்கிறார்: கூர்மையான, துடிப்பான முகம், அதைச் சுற்றிக் காதுமடல், அதாவது காதை மூடும் துணிமடல், வைத்த பயணத் தொப்பி. இது டாயில் எழுதிய வரி. பேஜெட் வரைந்த கோடு இல்லை. காதுமடல் வைத்த பயணத் தொப்பி என்றால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேறென்ன? எழுத்தெண்ணி பதில் சொல்லட்டும்.

எழுத்தெண்ணி:
வணக்கம் ஐயா. அந்த வரி எனக்கும் மனப்பாடம். அதில் 'டீர்ஸ்டாக்கர்' என்ற சொல் எங்கே இருக்கிறது? நான் சொன்னது அவ்வளவுதான். டீர்ஸ்டாக்கர் என்றால் முன்னால் ஒரு விளிம்பு, பின்னால் ஒரு விளிம்பு. அதுதான் அதன் அடையாளம். டாயில் காதுமடலைச் சொன்னார், பின்விளிம்பைச் சொல்லவில்லை. காதுமடல் வைத்த தொப்பியெல்லாம் டீர்ஸ்டாக்கர் என்றால் குளிருக்குக் குழந்தைகள் போடும் கம்பளிக் குல்லாவும் டீர்ஸ்டாக்கர்தான்.

இதற்கு முந்தைய வருஷம், 1891 அக்டோபரில் வந்த 'பாஸ்கம் பள்ளத்தாக்கு மர்மம்' கதையில் டாயில் எழுதியது தலையை ஒட்டிய துணித்தொப்பி, நீண்ட சாம்பல் நிறப் பயண அங்கி. அவ்வளவுதான். பேஜெட் அந்தக் கதைக்குத்தான் முதன்முதலில் டீர்ஸ்டாக்கரை வரைந்தார். அதில் காதுமடல்கூட இல்லையே, எதைப் பார்த்து வரைந்தார்? தன் இஷ்டத்துக்கு வரைந்தார். நான் சொன்னதும் அதுதானே?

பழுப்புத்தாள்:
பாஸ்கம் கதையைப் பற்றி யார் பேசினார்கள்? நான் கேட்டது சில்வர் பிளேஸ். காதுமடல். பயணத் தொப்பி. இரண்டு சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். ரயில் பயணத்துக்குப் போடுவது, காதை மூட மடல் உள்ளது. விக்டோரியா காலத்து ஆண்களின் தொப்பியில் இந்த இரண்டும் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். வாட்சன் மீசையின் நீளத்தையும் டாயில் சொல்லவில்லை, அதற்காக வாட்சனுக்கு மீசையே இல்லை என்று ஆகிவிடுமா?

மழைவாசகி:
அண்ணன்மார்களே, எனக்கு ஹோம்ஸ் அறிமுகமானது 2010இல் வந்த, இன்றைய காலத்தில் நடக்கும் பிபிசி தொடரில்தான். அதை இங்கே சொன்னாலே சிலருக்கு முகம் சுளிக்கும், தெரியும். ஆனால் நீங்கள் அடித்துக்கொள்ளும் இதே விஷயத்தை அவர்கள் 2012லேயே காட்சியாக வைத்துவிட்டார்கள். ஹோம்ஸாக நடித்த கம்பர்பேட்ச் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கு ஏன் இரண்டு முன்பக்கம் என்று கேட்பார். காதுமடலையும் விடமாட்டார். 2016இல் வந்த விக்டோரியா கால சிறப்பு அத்தியாயத்தில் வாட்சனே வற்புறுத்தித் தொப்பியைப் போட வைப்பார். வாட்சனின் கதையும் ஓவியரின் படமும் சேர்ந்து ஒரு மனிதனை எப்படி மாற்றிவிடுகின்றன என்பதுதான் அங்கே பேச்சு. எழுத்தில் இருந்ததா இல்லையா என்பதைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பழுப்புத்தாள்:
தங்கச்சி, கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பும் ஹோம்ஸை இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம். இங்கே கேள்வி ஒன்றுதான். காதுமடல் வைத்த பயணத் தொப்பி டீர்ஸ்டாக்கரா இல்லையா?

மழைவாசகி:
டாயில் காலத்தில் அவசரச் செய்திக்குத் தந்தி இருந்தது, அவருடைய ஹோம்ஸ் எடுத்ததற்கெல்லாம் தந்தி அடித்தார். இன்றைக்குக் குறுஞ்செய்தி இருக்கிறது. இதில் எந்த இடத்தில் ஹோம்ஸ் கெட்டுப்போனார் என்று சொல்லுங்கள்.

ரிகாத்தெரு:
பிரெட், கம்பர்பேட்ச் இரண்டே பெயர்தான் உங்களுக்கெல்லாம் தெரியுமா? இகோர் மாஸ்லென்னிகோவ் இயக்கிய சோவியத் தொடரை இங்கே எத்தனை பேர் பார்த்தீர்கள்? 1979 முதல் 1986 வரை 5 படங்கள், மொத்தம் 11 பாகம். ஹோம்ஸாக வசீலி லிவானோவ். ரிகா நகரின் யௌனியெலா தெருவையே பேக்கர் தெருவாக்கினார்கள். கரகரத்த குரலும், கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பும். அந்த மனிதருக்கு 2006இல் பிரிட்டிஷ் அரசு கௌரவ எம்பிஇ விருது கொடுத்தது. மாஸ்கோவில் பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் பக்கத்தில் ஹோம்ஸுக்கும் வாட்சனுக்கும் சிலை நிற்கிறது, முகம் லிவானோவும் வாட்சனாக நடித்த சலோமினும். ஹோம்ஸின் சொந்த நாடே ஒப்புக்கொண்டதை நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஒவ்வொரு இழையிலும் நான்தான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுத்தெண்ணி:
ரிகாத்தெரு, நல்ல தொடர்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது பேச்சு தொப்பி.

பழுப்புத்தாள் ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். டாயிலின் ஒவ்வொரு சொல்லையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டால் எங்கே போய் முட்டும் தெரியுமா? 1887இல் வந்த முதல் நாவலில் வாட்சனுக்கு ஆப்கானிஸ்தானின் மைவாண்ட் போரில் தோளில் குண்டு பாய்ந்தது. 1890இல் வந்த 'நால்வரின் அடையாளம்' நாவலில் அது காலுக்கு இறங்கிவிட்டது. ஜான் வாட்சனை அவர் மனைவியே ஒரு கதையில் ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். அதற்கு முட்டுக்கொடுக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் வந்து, வாட்சன் பெயரின் நடு எழுத்து 'ஹெச்' என்றால் ஹேமிஷ், ஜேம்ஸின் ஸ்காட்லாந்து வடிவம் என்று கண்டுபிடித்தார். குண்டு பாய்ந்த இடத்தையே மறந்த எழுத்தாளர் தொப்பி வகையை அளந்து எழுதினார் என்று எப்படி நம்புவது?

பழுப்புத்தாள்:
நீங்களே உங்கள் காலை வாரிவிட்டுக்கொள்கிறீர்கள் தம்பி. டாயில் அளந்து எழுதுகிறவர் இல்லை என்றால், பின்விளிம்பை அவர் சொல்லவில்லை என்பதை மட்டும் எப்படி ஆதாரமாக்குகிறீர்கள்? அளந்து எழுதுகிறவராக இருந்தால்தானே சொல்லாமல் விட்டதற்கு அர்த்தம் வரும்? அவர் கண்ணில் பட்டதைச் சொன்னார். பட்டது காதுமடல்.

என்னிடம் ஸ்ட்ராண்ட் பக்கங்களை அப்படியே அச்சடித்த பழைய தொகுப்பு ஒன்று இருக்கிறது. முதுகு கிழிந்து துணி ஒட்டி வைத்திருக்கிறேன். நேற்று இரவு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து அந்த ரயில் படத்தை மறுபடி பார்த்தேன். ஹோம்ஸ் முன்னால் சாய்ந்து, ஆள்காட்டி விரலால் இடது உள்ளங்கையில் ஒவ்வொரு குறிப்பாகத் தட்டி எண்ணிச் சொல்லும் கட்டம். எழுத்தில் இருக்கும் அந்த விரல் படத்தில் இருக்கிறது. சாய்வு இருக்கிறது. தொப்பியும் இருக்கிறது. விரலை வரைந்தபோது எழுத்தைப் படித்த பேஜெட், தொப்பியை வரையும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாரா?

டாயில் 1924இல் வெளியிட்ட தன் நினைவுநூலில் பேஜெட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். தான் நினைத்த ஹோம்ஸ் கத்தி போன்ற முகமும் பருந்து மூக்குமாக அழகில்லாத ஆள், பேஜெட் தன் தம்பி வால்டரைப் பார்த்து வரைந்து அழகனாக்கிவிட்டார் என்கிறார். முகம் மாறியதை நினைவு வைத்துச் சொன்னவர், தலையில் ஏறிய தொப்பியைச் சொல்லாமல் விட்டிருப்பாரா?

எழுத்தெண்ணி:
சொல்லவில்லை என்பது ஆதாரமாகாது என்று மேலே நீங்கள்தானே சொன்னீர்கள்? இப்போது டாயில் சொல்லவில்லை என்பதையே ஆதாரமாகக் காட்டுகிறீர்கள்.

பழுப்புத்தாள்:
அது வேறு, இது வேறு.

தொப்பிக்காரன்:
என்னிடம் உண்மையான டீர்ஸ்டாக்கர் ஒன்று இருக்கிறது. எடின்பரோவில் படித்த என் அக்கா வாங்கி வந்தது. பழுப்புக் கட்டம் போட்ட முரட்டுத் துணி. இந்த இழையைப் படித்துவிட்டு எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மடல்களைத் தூக்கி உச்சியில் நாடாவால் முடிந்தால் முகத்துக்கும் தொப்பிக்கும் சம்பந்தமே இல்லை, தலையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மடலை இறக்கிவிட்டு நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டினால்தான் முகத்தைச் சுற்றிச் சட்டம் போட்ட மாதிரி ஆகிறது. அப்படி எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்விளிம்பு கொஞ்சமும் தெரியாது. என் மனைவியை எதிரே உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன். வாட்சன் எதிரில் இருந்து பார்த்திருந்தால் பின்விளிம்பை எப்படிச் சொல்லுவார்?

பழுப்புத்தாள்:
இதைத்தான் சொல்கிறேன்! எழுத்தெண்ணி, இதற்கு என்ன பதில்? வாட்சன் கண்ணுக்குத் தெரிந்தது காதுமடல். எழுதினார். காதுமடல் வைத்த பயணத் தொப்பி.

எழுத்தெண்ணி:
அதே தொப்பிக்காரன் சொன்னதை வைத்தே கேட்கிறேன். பின்விளிம்பு தெரியாது என்றால், இல்லை என்றும் ஆகாது, இருக்கிறது என்றும் ஆகாது. நிரூபணம் எங்கே? 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' நாவலில் டார்ட்மூர் வெளியில் ஹோம்ஸ் ஒளிந்திருந்து வாட்சனிடம் வெளிப்படும் இடத்தில் டாயில் எழுதுவது ட்வீட் உடை, துணித்தொப்பி. சுற்றுலா வந்த யாரையும் போல இருந்தார் என்கிறார். திரும்பவும் துணித்தொப்பிதான். 1899இல் ஹோம்ஸாக மேடையேறிய நடிகர் வில்லியம் ஜில்லெட் அந்தத் தொப்பியையும் வளைந்த புகைக்குழாயையும் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் யாரும் இதற்காகச் சண்டை போட மாட்டீர்கள்.

அலமாரிமூலை:
ஜில்லெட் பெயரை எடுத்ததால் சொல்கிறேன். அவர் 1916இல் நடித்த படம் காணாமல் போய், 2014இல் பாரிஸில் பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமா என்று ஜில்லெட் தந்தியில் கேட்டதற்கு, கல்யாணம் செய், கொன்று போடு, என்ன வேண்டுமானாலும் செய் என்று டாயில் பதில் அனுப்பினார். தன் பாத்திரத்தையே இப்படித் தூக்கிக் கொடுத்தவருக்குத் தொப்பியில் அக்கறை இருந்திருக்காது.

உண்மையில் என் மனக்குறை வேறு. 1939 முதல் 1946 வரை 14 படங்களில் பேஸில் ராத்போனோடு வந்த நைஜல் புரூஸ் வாட்சனை மந்தபுத்திக்காரராக்கியதுதான் பெரிய பாவம். போர்க்களம் பார்த்த மருத்துவரை உளறிக்கொட்டும் கிழவராக்கினார்கள். தொப்பிக்காக இத்தனை பேர் வருகிறீர்கள், வாட்சனுக்காக ஒருவரும் வருவதில்லை.

ரிகாத்தெரு:
சலோமினின் வாட்சனைப் பாருங்கள் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்!

பழுப்புத்தாள்:
நைஜல் புரூஸை விடுங்கள். அவர் இல்லாமல் அந்தப் படங்களில் மனிதச் சூடே இல்லை. என் அப்பாவுக்கு ஹோம்ஸைவிட அவரைத்தான் பிடிக்கும். அதைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டேன்.

அலமாரிமூலை:
டாயிலின் எழுத்துதான் எல்லாம் என்று காலையிலிருந்து சொல்கிறீர்கள். எழுத்தில் இருக்கும் வாட்சனுக்கு நேர் எதிராக நடித்தவரை மட்டும் தொடக்கூடாதா?

பழுப்புத்தாள்:
நான் எழுத்து என்று சொன்னது தொப்பி விஷயத்தில்.

மழைவாசகி:
எழுத்து என்று பேச வந்தால் எல்லா எழுத்தையும் பேசுவோம். 'நால்வரின் அடையாளம்' நாவலில் சீக்கியர்கள் என்று வரும் மூன்று பேரின் பெயர் மகமத் சிங், அப்துல்லா கான், தோஸ்த் அக்பர். எந்தச் சீக்கியருக்கு அப்துல்லா கான் என்று பெயர் வைப்பார்கள்? அந்தமான் தீவுக்காரரை அவர் எழுதிய விதத்தைப் படித்தால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது. இதற்கு ஒரு இழை தொடங்கினேன், மூன்றே பேர் வந்தார்கள். ஒரு தொப்பிக்கு இவ்வளவு கூட்டம்.

எழுத்தெண்ணி:
மழைவாசகி சொல்வது முழுக்கச் சரி. நான் அந்த இழையில் எழுதியிருந்தேன், அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். பழுப்புத்தாள் ஐயா வரவில்லை. அவர் பிரெட் இழையைத் தவிர எங்கும் வருவதில்லை. பிரெட் தொடரில் 1993இல் வந்த 'கடைசி ரத்தக்காட்டேரி' அத்தியாயம் டாயிலின் கதையை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டது என்று நான் போன வருஷம் சொன்னதிலிருந்து என்மேல் அவருக்குக் கோபம். இந்த இழையே அதற்குத்தான்.

பழுப்புத்தாள்:
அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிரெட் உடம்பு சரியில்லாமல் மூச்சுத் திணறலோடு நடித்த காலம் அது. 1995இல் இறந்துபோனார். நோயாளி மனிதரின் கடைசிக் காலத்துப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எழுத்தெண்ணி:
நான் குறை சொன்னது திரைக்கதையை. நடிகரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இழை இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். 1984இல் பிரெட் தொடரைத் தொடங்கியபோது ஹோம்ஸைப் பற்றிய விவரங்களைக் கதை கதையாகத் தேடித் தொகுத்துக் கையேடே போட்டு வேலை செய்த குழு அது. அதனால்தான் வருத்தம் அதிகம். லண்டனுக்குள் தொப்பி வேறு, கிராமப்புறத்துக்குத் தொப்பி வேறு என்று பிரித்தவர்களும் அவர்கள்தான்.

பழுப்புத்தாள்:
கிராமப்புறத்துக்கு என்ன தொப்பி போட்டார்கள்? அதை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

எழுத்தெண்ணி:
டீர்ஸ்டாக்கர். தொடரில். டாயிலின் எழுத்தில் பின்விளிம்பு எங்கே என்றுதான் நான் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பழுப்புத்தாள்:
சில்வர் பிளேஸ். பேடிங்டனில் வாங்கிய செய்தித்தாள் கட்டு வரும் வாக்கியம். காதுமடல் வைத்த பயணத் தொப்பி. நாளைக் காலை அந்தப் பக்கத்தையே படம் எடுத்துப் போடுகிறேன். அதற்குப் பிறகும் விளிம்பு எங்கே என்று கேட்டால் நான் பொறுப்பில்லை.

ரிகாத்தெரு:
போடும்போது லிவானோவ் படம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள் ஐயா. அவரும் அந்தத் தொப்பி போட்டிருக்கிறார்.