பூச்சட்டியில் வந்த மஞ்சள் சாமான் ஓட்ஸைத் தேடிப் போகிறது. இதற்கு அறிவு என்று ஒன்று இருக்கிறதா?

மூன்றாம்மாடி எழுதியது:

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பல்கனியில் அந்தூரியம் நட்ட சட்டிக்குத் தும்புச்சோறும் மக்கிய மரத்தூளும் போட்டிருந்தேன். போன மாதம் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், யாரோ முட்டையை உடைத்து மஞ்சள் கருவைக் கொட்டிவிட்ட மாதிரிச் சட்டி ஓரத்தில் ஏதோ கிடந்தது. காகத்தின் வேலை என்று துடைக்கப் போனேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதில் கொஞ்சத்தைச் சுரண்டி, ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் ஈரமான டிசு விரித்து வைத்தாள். மூன்று மூலையில் மூன்று ஓட்ஸ். இரவு பத்து மணிக்கு வைத்தது, காலை ஆறு மணிக்கு விசிறி மாதிரி விரிந்து இரண்டு ஓட்ஸை மூடியிருந்தது. அடுத்த நாள் மூன்றாவதும் பிடிபட்டது. அப்புறம்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது: ஓட்ஸ் இல்லாத பக்கம் பரவியிருந்ததெல்லாம் சுருங்கிப் போய், மூன்றையும் இணைக்கும் மஞ்சள் நரம்பு மட்டும் மிச்சம். மருந்துப் பெட்டி எழுத்து வாசிக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நரம்புக்குள் ஏதோ ஓடுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடம் ஒரு பக்கம், அப்புறம் நின்று, வந்த வழியே திரும்புகிறது. தேத்தண்ணி ஆறியதே தெரியவில்லை.

மகள் ரியூசனில் கேட்டிருக்கிறாள். "மூளை இல்லாததற்கு என்ன அறிவு? பாடத்தில் உள்ளதைப் படி" என்று வகுப்புக்கு முன்னாலேயே சொல்லி இருத்திவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். நான் படித்தது கணக்கியல். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது யோசிக்கிறதா இல்லையா?

கொட்டாஞ்சேனை_ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள் சொல்கிறேன், மகளின் கேள்வி நல்ல கேள்வி. அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சளிப்பூஞ்சை என்று பேர், ஆனால் பூஞ்சை அல்ல. அமீபாவுக்குத்தான் கிட்டின சொந்தம். படம் பார்க்காமல் இனம் சொல்லமாட்டேன், ஆனால் ஓட்ஸ் தின்று நரம்பு விடுவதைப் பார்த்தால் பைசாரம் வகையாக இருக்கலாம். நீங்கள் பார்த்த அவ்வளவும் ஒரே கலம். உள்ளே கருக்கள் மட்டும் எண்ணிலடங்காமல் இருக்கும்.

2000ஆம் ஆண்டு ஜப்பானில் நாககாகி என்பவரின் குழு இதைச் சிக்கல்வழி ஒன்று முழுக்கப் பரவவிட்டு, இரண்டு வாசலிலும் உணவு வைத்தது. முட்டுச்சந்துகளில் இருந்தெல்லாம் பின்வாங்கி, கிட்டின வழியில் மட்டும் குழாயை வைத்துக்கொண்டது. 2010இல் தோக்கியோவையும் சுற்றியுள்ள நகரங்களையும் குறித்து 36 இடங்களில் உணவு வைத்தார்கள். அது போட்ட வலை, அங்குள்ள ரயில் பாதை வலையோடு ஒப்பிடும் தரத்தில் இருந்தது.

எப்படி என்றால், கூட ஓட்டம் உள்ள குழாய் தடிக்கும், ஓட்டம் குறைந்தது சூம்பும். நீங்கள் பார்த்த போய்வருகிற ஓட்டம்தான் அதன் முழு யந்திரமும்.

தெஹிவளைக்_கோடர் எழுதியது:

அக்கா, குறை நினைக்க வேண்டாம். ரீச்சர் சொன்ன கடைசி வரியே பதில். ஓட்டம் கூடினால் தடிக்கும், குறைந்தால் சூம்பும், அவ்வளவுதான். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் ஆணி வைத்து சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து எடுங்கள். படலம் தானாகச் சுருங்கி, நீளம் குறைந்த கோடுகளால் ஆணிகளை இணைக்கும். சவர்க்காரத்துக்கு அறிவு என்று யாரும் சொல்வதில்லையே? மழை பெய்தால் காலி வீதித் தண்ணீரும் கடலுக்கு வழி கண்டுபிடிக்கிறது. சில நாள் கண்டுபிடிக்காமல் எங்கள் கராஜுக்குள் வருகிறது, அது வேறு கதை.

புறக்கோட்டை_மொத்தவிலை எழுதியது:

இதையெல்லாம் வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்களே, வருத்தம் ஏதும் வராதா?

கொட்டாஞ்சேனை_ரீச்சர் எழுதியது:

மொத்தவிலைத் தம்பி, ஆட்களைத் தொற்றாது. காய்ந்து வித்தி பறக்கும்போது, இழுப்பு உள்ளவர்கள் தள்ளி இருந்தால் சரி.

கோடர் தம்பி, சவர்க்காரம் நல்ல உதாரணம். ஆனால் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890இலேயே இதற்கு ஒரு அளவுகோல் தந்துவிட்டார். காந்தத்துக்கும் இரும்புத்தூளுக்கும் நடுவில் ஒரு அட்டையை வை. தூள் அட்டையில் ஒட்டிக்கொண்டே நிற்கும், ஒருநாளும் சுற்றிக்கொண்டு போகாது. காதலனுக்கும் காதலிக்கும் நடுவில் சுவரை வை, ஏறிக் குதிக்க வழி பார்ப்பான். முடிவு ஒன்று, வழி மாறும். மனம் இருப்பதற்கு அடையாளம் அது என்றார்.

சளிப்பூஞ்சைக்கும் 2012இல் அதே சோதனை வைத்தார்கள். உணவுக்கு முன்னால் 'ப' வடிவத்தில் ஒரு பொறி. நேராகப் போனால் உள்ளே மாட்டிக்கொள்ளும். அது ஊர்ந்த இடமெல்லாம் சளி விட்டுப் போகும், அந்தச் சளியைக் கண்டால் பிறகு அந்தப் பக்கம் போகாது. அதனால் 'இங்கே வந்தாயிற்று' என்று திரும்பி, பொறியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. தட்டு முழுக்க முன்கூட்டியே சளி பூசியபோது தன் தடம் எது என்று தெரியாமல், வைத்துப் பார்த்தவற்றில் மூன்றில் ஒரு பங்குதான் தப்பியது. உன் சவர்க்காரம் இதைச் செய்யுமா?

துலூஸ் நகரில் ஓட்ரி டுசுட்டூர் என்பவர் 2016இல் உணவுக்குப் போகும் பாலத்தில் கஃபேன் போட்டார். முதல்நாள் தயங்கித் தயங்கிப் போனது, சில நாளில் சாதாரணமாகக் கடந்தது. இரண்டு நாள் விட்டு மறுபடி வைத்தால் பழைய தயக்கம். கெடுதல் இல்லை என்று பழகியிருக்கிறது.

தெஹிவளைக்_கோடர் எழுதியது:

பொறி விஷயம் எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழகுகிற கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள், ரீச்சர். அதே குழு 2019இல் உப்பை வைத்துப் பார்த்தது. பழகிய கலம் உப்பை உறிஞ்சி உள்ளே வைத்திருந்தது. அந்த உப்புத்தான் ஞாபகம். உப்பு உப்பாகவே இருப்பதை ஞாபகம் என்று சொன்னால் கருவாடும் கடலை நினைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாமே.

மூன்றாம்மாடி எழுதியது:

கருவாட்டுக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் தம்பி, நான் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பார்த்து முடித்த வவுச்சரில் சிவப்புப் பேனையால் ஒரு சரி போடுவேன். மறுநாள் அந்தச் சரியைக் கண்டால் அதைத் திரும்பத் தொடமாட்டேன். என் ஞாபகம் தலைக்குள் இல்லை, தாளில் இருக்கிறது. அதுவும் வெறும் மைதான். யாராவது எல்லா வவுச்சரிலும் சரி போட்டு வைத்தால் நானும் அந்தத் தட்டில் மாட்டியது மாதிரித்தான் நிற்பேன். மையை உற்று உற்றுப் பார்த்துக் கணக்கு எங்கே என்று தேடினால் கிடைக்குமா? யாருக்கோ அந்த மை ஒன்றைச் சொல்கிறது, அதைப் பார்த்து அவர் கை மாறுகிறது. அந்த உப்பும் அப்படித்தான் என்று படுகிறது.

யோசிக்கிறது என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் சவர்க்காரத்தோடு சேர்க்கவும் மனம் இல்லை.

இன்னொன்று. சனிக்கிழமை ஒரு துண்டுக்குத் தண்ணீர் விட மறந்துபோனோம். டிசுவில் ஒட்டி, செம்மஞ்சள் நிறத்தில் மொறுமொறு என்று ஆகிவிட்டது. மகள் பாடக்கொப்பியைத் திறந்து உயிருள்ளவற்றின் இயல்புகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். அசைவு இல்லை, வளர்ச்சி இல்லை, போசணை இல்லை, இனப்பெருக்கம் இல்லை. அப்போ செத்துவிட்டதா?

கொட்டாஞ்சேனை_ரீச்சர் எழுதியது:

மெதுவாகக் காய்ந்திருந்தால் சாகவில்லை, ஒடுங்கியிருக்கிறது. பல மாதம் அப்படியே கிடந்து தண்ணீர் பட்டால் எழும்பும். பாடக்கொப்பிப் பட்டியல் இங்கேதான் உதைக்கும். குட்டி போடாத கோவேறு கழுதையும் அந்தப் பட்டியலில் தோற்றுப்போகும், அதற்காகக் கழுதையைச் செத்தது என்று யாரும் சொல்வதில்லை. நாசா குழு ஒன்று 1994இல், டார்வின் சொன்ன பரிணாமத்துக்கு ஆளாகக்கூடிய, தன்னைத் தானே பேணும் இரசாயனத் தொகுதி என்று வரையறுத்தது. அதன்படி உயிர் என்பதைத் தனி ஒரு கலத்தில் தேடுவதைவிட அதன் வம்சத்தில் தேடவேண்டும். பரீட்சையில் மட்டும் மகளைப் பட்டியலையே எழுதச் சொல்லுங்கள்.

தெஹிவளைக்_கோடர் எழுதியது:

எழும்பினால் படம் போடுங்கள் அக்கா. பக்கத்தில் ஒரு கருவாடும் வையுங்கள், ஒப்பிட.

மூன்றாம்மாடி எழுதியது:

டிசுவோடு மடித்து லைட் பில் வைக்கிற லாச்சியில் வைத்திருக்கிறேன். மகளுக்குத் தவணைப் பரீட்சை வியாழன் முடிகிறது, அன்று இரவு தண்ணீர் தெளிப்போம். ஓட்ஸ் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.