மறு: "லீன்", "ரிச்" கலவைகளுக்குத் தமிழ்ச்சொல் (காற்று வடிகட்டிக் கையேடு)

வணக்கம்.

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய பழைய மோட்டார் சைக்கிள்களில், வண்டி நிறுவனம் அல்லாத பிறர் செய்த வெளித்தயாரிப்புக் காற்று வடிகட்டி மாட்டுவது பற்றிய கையேட்டில், காற்றின் அளவுக்குப் பெட்ரோல் குறைந்த "லீன்" என்பதற்கு "மெலிந்த கலவை" என்றும், பெட்ரோல் மிகுந்த "ரிச்" என்பதற்குச் "செறிந்த கலவை" என்றும் வைத்துக்கொள்ளலாம் என முந்தைய மடல்களில் பலரும் உடன்பட்டிருக்கிறீர்கள். பாடநூலில் அவை பொருந்தும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு படிப்பவரிடம் அச்சொற்கள் நேர் எதிரான பொருளில் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே முடிவெடுக்கும் முன் இந்த மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

எனக்குப் பழக்கமான ஒரு பட்டறையில் வேலை பழகும் இளைஞருக்காக இரண்டு பக்கச் செய்முறைக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். வண்டி, வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் 350. பெட்டிக்குள் இருந்த வடிகட்டியை நீக்கிவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே கூம்பு வடிகட்டியை மாட்டியிருந்தார்கள். "வடிகட்டியை மாற்றியபின் கலவை மெலியும், அதற்கேற்ப மெயின் ஜெட்டை மாற்றவும்" என்பது நான் எழுதிய வாக்கியம். ஜெட் என்பது பெட்ரோல் செல்லும் துளையுள்ள சிறு பாகம்; துளை பெரிதான ஜெட்டை மாட்டவேண்டும் என்பதே நான் கருதியது. அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, ஏற்கெனவே இருந்ததைவிடக் குறைந்த எண்ணுள்ள, அதாவது துளை சிறிதாக உள்ள, ஜெட்டை எடுத்து மாட்டினார். காரணம் கேட்டேன். "காத்துதானே கூடுது அண்ணே, அப்புறம் கலவை எப்படி மெலியும்? ஜெட்டத்தான் மெலிசாக்கச் சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது, நடுமுனையைச் சுற்றியிருந்த பீங்கான் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் கார்புரேட்டர் வழியாகத் தும்மல் போன்ற வெடிப்பு கேட்டது. அப்படியே நெடுந்தூரம் ஓட்டியிருந்தால், பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருக்கலாம். பிழை அவருடையதன்று, என் சொல்லினுடையது.

மெலிவு, செறிவு என்ற இரண்டும் ஒரு பொருளின் நிலையைச் சொல்கின்றனவே தவிர, கலவையில் எது குறைந்தது, எது மிகுந்தது என்பதைச் சொல்வதில்லை. காற்று மிகுந்தாலும் "செறிந்தது" என்று ஒருவர் எடுத்துக்கொள்ள அச்சொல் இடம் தருகிறது. வடிகட்டி மாற்றத்தில் இந்த மயக்கம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக ஏற்படக் காரணம், அங்கு நடப்பது வெறுமனே காற்று கூடுவது மட்டுமன்று என்பதே. பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருக்கிறது. வென்சுரியில், அதாவது காற்று செல்லும் குழாயின் குறுகிய பகுதியில், அழுத்தம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு பெட்ரோலை அது ஜெட் வழியாக மேலே இழுக்கிறது. வடிகட்டியின் தடை அந்தத் தாழ்வுக்கு ஒரு பங்கைச் சேர்க்கிறது. நிறுவனம் ஜெட்டின் அளவைத் தீர்மானிக்கும்போது, தன் வடிகட்டியும் காற்றுப் பெட்டியும் தரும் தடையைக் கணக்கில் வைத்தே தீர்மானிக்கிறது. தடை குறைந்த கூம்பு வடிகட்டி வந்ததும் காற்று எளிதாக நுழைகிறது, பெட்ரோலை இழுக்கும் விசையோ தளர்கிறது. இதன் மறுபக்கத்தை மெக்கானிக்குகள் அனைவரும் அறிவார்கள்: வடிகட்டி தூசியில் அடைத்துக்கொண்டால் "வண்டி பெட்ரோல் குடிக்குது" என்பார்கள். காற்றின் வழியை அடைக்கும் வகைச் சோக்கை இழுப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. கூம்பு வடிகட்டி மாட்டிய வண்டி, சூடேறிய பின்னும் சோக்கைப் பாதி இழுத்தால் சீராக ஓடுகிறதென்றால், அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்.

மற்ற முன்மொழிவுகளையும் எண்ணிப் பார்த்தேன். "நீர்த்த கலவை" என்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார், அது வேறொரு கோளாறு. "வறண்ட கலவை, ஈரக் கலவை" என்ற இணை கேட்க நன்றாக இருக்கிறது. எனினும் பெட்ரோல் மிகுந்து ஓடிய பிளக்கில் நாம் காண்பது பெரும்பாலும் காய்ந்த கரும்புகைப் படிவு என்பதால், "ஈரம்" என்ற சொல் கண்ணுக்கு எதிராகப் பேசும். எரிபொருளைச் சுருக்கி "எரிமிகை, எரிகுறை" என்று அமைப்பது முதலில் எனக்கே பிடித்திருந்தது. சற்று யோசித்தபோது அதைக் கைவிட நேர்ந்தது: "எரிகுறை" என்பதைச் சூடு குறைந்தது என்று ஒருவர் படிக்கக்கூடும், ஆனால் அந்தக் கலவையில்தான் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

ஆகவே குறைந்ததையும் மிகுந்ததையும் பெயரிலேயே சொல்லிவிடும்படி, "பெட்ரோல்குறை கலவை", "பெட்ரோல்மிகு கலவை" என்பவற்றை முன்வைக்கிறேன். எரிவாயு போன்ற பிற எரிபொருள்களையும் தழுவிப் பொதுவாக எழுதும்போது "எரிபொருள்குறை", "எரிபொருள்மிகு" என்று விரித்துக்கொள்ளலாம். கலைச்சொல்லுக்குள் "பெட்ரோல்" என்ற கடன்சொல் நுழைவதைச் சிலர் விரும்பமாட்டீர்கள். ஆனால் அச்சொல் தமிழ்நாட்டின் எந்தத் தெருமுனையிலும் விளக்கமின்றிப் புரிகிறது, அதை ஒதுக்கிவிட்டு அமைத்த சொற்கள் ஒரு பிஸ்டனுக்கு உலை வைக்கப் பார்த்தன.

இரண்டுக்கும் நடுவிலுள்ள சரியான நிலைக்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. அது "பதம்". பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பவர் வெப்பமானியைத் தேடுவதில்லை, விரல் நுனியில் தொட்டு இழுத்துப் பார்க்கிறார். கார்புரேட்டரைச் சரிசெய்பவரும் பிளக்கின் நிறத்தைப் பார்க்கிறார்: வெளுத்திருந்தால் பெட்ரோல்குறை, கரி படிந்திருந்தால் பெட்ரோல்மிகை, இளம்பழுப்பாக இருந்தால் பதம். ஏட்டுக் கணக்கின்படி முழுதாக எரிவதற்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று தேவை. எனினும் முழு வேகத்தில் விசை வேண்டும்போது எஞ்சின் அதைவிடக் கூடுதலான பெட்ரோலைக் கேட்கிறது. ஆகவே பதம் ஒரே எண்ணாக நிற்பதன்று, சூழலுக்கேற்ப நகர்வது. அச்சொல்லின் வழக்கிலும் இந்த நெகிழ்வு ஏற்கெனவே இருக்கிறது.

இதனடியாக, "ரீஜெட்டிங்" என்பதற்கு "ஜெட் மாற்றம்" என்று எழுதுவதைவிடப் "பதந்திருத்தம்" என்பது பொருத்தம் என்று கருதுகிறேன். வடிகட்டியை மாற்றியபின் செய்யவேண்டியது ஜெட்டை மாற்றுவதோடு முடிவதில்லை. மெயின் ஜெட் ஆள்வது ஆக்ஸிலரேட்டர் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் திறந்திருக்கும்போதுதான். ஊரில் ஓட்டும் பெரும்பாலான நேரம், ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கிப் பெட்ரோலின் வழியைக் கூட்டிக் குறைக்கும் ஊசியின் ஆட்சி. அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். ஐடிலிங்கிலும் அதையொட்டிய சிறு திறப்பிலும் பைலட் ஜெட்டும் அதன் திருகும் கவனிக்கின்றன. மூன்றையும் ஒருசேரத் தழுவும் பெயர் நமக்கு வேண்டும். "பதம்" என்பதற்குச் "சொல்" என்ற பொருளும் உண்டே என்று கேட்கலாம். கார்புரேட்டர் பேச்சுக்கு நடுவே அந்தக் குழப்பம் எழாது என்பது என் துணிபு.

திருகைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். பட்டறைகளில் எல்லாத் திருகையும் "ஏர் ஸ்க்ரூ" என்றே சொல்கிறார்கள். நழுவுவால்வுக்கு (ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது ஏறிக் காற்றின் வழியைத் திறப்பது) முன்னால், வடிகட்டிப் பக்கம் இருக்கும் திருகு காற்றை ஆள்வது. அதை உள்ளே முடுக்கினால் பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கம் இருக்கும் திருகு கலவையை ஆள்வது. அதை உள்ளே முடுக்கினால் பெட்ரோல் விகிதம் குறையும். ஒரே பெயரால் இரண்டையும் குறிப்பதால், ஒரு வண்டியில் கற்ற பழக்கம் இன்னொரு வண்டியில் தலைகீழாகிறது. முன்னதைக் "காற்றுத் திருகு", பின்னதைக் "கலவைத் திருகு" என்று கையேடு முழுவதும் பிரித்தே எழுத வேண்டுகிறேன்.

"ஆஃப்டர்மார்க்கெட்" என்பதற்கு வந்த "பிற்சந்தை" சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, தமிழில் பொருள் தரவில்லை. வழக்கிலுள்ள "லோக்கல்" தரக்குறைவு என்ற குறிப்பைச் சுமக்கிறது. எண்ணெயிட்ட பருத்தி வடிகட்டிகளில் மிகத் தரமானவையும் இருக்கின்றன. மேலே நான் எழுதியிருக்கும் "வெளித்தயாரிப்பு" போதும்.

"ஜெட்" என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். "பீச்சி" என்ற முன்மொழிவு அதன் வேலையைத் தவறாகக் காட்டுகிறது. ஜெட் பீச்சுவதில்லை, துளையின் அளவால் பெட்ரோலை அளந்து விடுகிறது. "அளவுத்துளை" என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரியாக வருகிறது, ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால் பாகம் கிடைக்காது. ஊசிக் கிளிப்பு அமரும் இடத்தைப் "பள்ளம்" என்று இங்கே எழுதியிருக்கிறேன், "வெட்டு" என்றும் பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்து மெக்கானிக்குகள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை எழுதினால், கையேட்டின் ஊசிப் பகுதியை அதற்கேற்பத் திருத்திவிடுகிறேன்.