கம்யூனிட்டி காலேஜிலிருந்து யு.சி.க்கு: எந்த யூனிட் உண்மையில் கணக்கில் வரும்?

மில்பிடாஸ் மாமா:
அக்கா பையன் கோயம்புத்தூரில் பி.இ. முதல் வருஷம் முடித்துவிட்டு, கிரீன் கார்டில் குடும்பத்தோடு கலிஃபோர்னியா வந்திருக்கிறான். டி ஆன்ஸா என்ற இரண்டு வருஷக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, பிறகு யு.சி. (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கேம்பஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆவதுதான் திட்டம். கோவையில் படித்த வருஷத்துக்கு யூனிட் (பாடத்துக்கான கிரெடிட்) கிடைக்குமா? டி ஆன்ஸாவில் இடம் கிடைக்காத வகுப்பை இன்னொரு கம்யூனிட்டி காலேஜான மிஷன் காலேஜில் எடுக்கலாமா? "டேக்" என்று ஒரு ட்ரான்ஸ்ஃபர் இட உத்தரவாதம் சொல்கிறார்களே, அதை நம்பி இருக்கலாமா?

செமஸ்டர் கணக்கு:
முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஒரு வகுப்பின் யூனிட்டை யு.சி. ஏற்றுக்கொள்வது வேறு, அதே வகுப்பு மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடப்பிரிவுக்கு, தேவையான பாடத்தை ஈடுசெய்வது வேறு. ட்ரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 செமஸ்டர் யூனிட்டும் சேர்த்துவிட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வேண்டிய பாடங்களில் பாதி இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் நிறைய. இதற்கு, காலேஜுகளுக்கும் யு.சி.க்கும் இடையிலான பாட ஒப்பந்தங்கள் இருக்கும் அசிஸ்ட் டாட் ஆர்க் (assist.org) தளத்தைத்தான் பார்க்க வேண்டும். கல்வி ஆண்டு, படிக்கும் காலேஜ், போக நினைக்கும் யு.சி., மேஜர் ஆகியவற்றைக் கொடுத்தால் இடப்பக்கம் யு.சி. கேட்கும் பாடமும் வலப்பக்கம் உங்கள் காலேஜின் இணைப்பாடமும் வரும். இரண்டு பாடங்களுக்கு நடுவே "அண்ட்" என்று இருந்தால் இரண்டையும் முடித்தால்தான் ஒன்றுக்கு ஈடு. "ஆர்" என்றால் ஏதாவது ஒன்று போதும். அடிக்குறிப்புகளைத் தவறாமல் படியுங்கள். ஒரு யு.சி.யில் இணைப்பாடம் இருக்கும் வகுப்புக்கு இன்னொன்றில் இல்லாமல் போகலாம், அதனால் போக நினைக்கும் ஒவ்வொரு கேம்பஸுக்கும் தனியாகப் பாருங்கள்.

மிஷனில் எடுப்பது பற்றி: டி ஆன்ஸா குவார்ட்டர் காலேஜ் (கோடை தவிர ஆண்டுக்கு மூன்று பருவம்), மிஷன் செமஸ்டர் காலேஜ் (இரண்டு பருவம்). ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது மூன்றில் இரண்டு பங்கு செமஸ்டர் யூனிட். 90 குவார்ட்டர் யூனிட்டும் 60 செமஸ்டர் யூனிட்டும் ஒன்று. வரலாறு, பொருளாதாரம் போன்ற தனிப் பாடத்தை எங்கே எடுத்தாலும் சிக்கல் இல்லை. கால்குலஸ், பிசிக்ஸ் மாதிரி தொடர்ப் பாடங்களை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள். டி ஆன்ஸாவில் கால்குலஸ் 1ஏ முதல் 1டி வரை நான்கு குவார்ட்டர். செமஸ்டர் காலேஜில் அதே பாடம் பொதுவாக மூன்று செமஸ்டர். முடிவிலித் தொடர்கள் டி ஆன்ஸாவில் 1சி-யில் வருகின்றன, செமஸ்டர் காலேஜில் வழக்கமாக இரண்டாவது கால்குலஸிலேயே முடிந்துவிடும். 1பி முடித்தவன் அங்கே மூன்றாவது கால்குலஸுக்குத் தாவினால் அந்தப் பகுதி முழுதும் விட்டுப்போகும். அசிஸ்ட் ஒப்பந்தமும் தொடர் முழுவதையும் ஒரே காலேஜில் முடித்ததாகக் கொண்டே எழுதப்பட்டிருக்கும்.

சான்றிதழ் கட்டு:
இந்தியப் படிப்பு பற்றிச் சொல்கிறேன். யு.சி. விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். யூனிட் வேண்டாம் என்று மறைத்தால், பின்னால் தெரியவரும்போது கிடைத்த அட்மிஷனே போய்விடலாம். மதிப்பெண்களை அமெரிக்க கிரேடாக நீங்களே மாற்ற வேண்டாம். மார்க் ஷீட்டில் இருப்பது அப்படியே போகட்டும், மதிப்பீடு யு.சி.யின் வேலை. கோவை காலேஜுக்கும் யு.சி.க்கும் அசிஸ்டில் ஒப்பந்தம் கிடையாது. ஆகவே அந்த வருஷத்தைப் பொதுவான யூனிட்டாக எண்ணலாம், மேஜர் பாடமாக நம்பக் கூடாது. கால்குலஸை டி ஆன்ஸாவிலேயே முதலிலிருந்து எடுப்பதுதான் நல்லது என்பேன். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை யூனிட் வராது. ஆனால் மேஜர் தேர்வில் எடுபடுவது இங்கே வாங்கிய கிரேடுதான்.

இன்னொன்று. யு.சி. முன்னுரிமை தருவது கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு. அந்த வகையில் சேர, இங்கே மட்டும் குறைந்தது 30 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும். சேர்வதற்கு முன் கடைசியாகப் படித்த வழக்கமான பருவமும் கம்யூனிட்டி காலேஜில் இருக்க வேண்டும். கோடை வகுப்பு இதில் சேராது.

கோவையிலிருந்து சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் வாங்க இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். அட்மிஷன் கிடைத்தபின் படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டும் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும்.

மில்பிடாஸ் மாமா:
ரொம்ப நன்றி. ஜி.இ. (பொதுக்கல்வி) வகுப்புகளை முதலில் முடிக்கச் சொல்கிறார்கள், சரியா? டேக் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

செப்டம்பர் படிவம்:
டேக் ஆறு கேம்பஸில் மட்டும் உண்டு: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் இல்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் போடலாம். இலையுதிர்கால அட்மிஷனுக்கான டேக் படிவம் முந்தைய செப்டம்பர் 1 முதல் 30 வரை. அது போட்டாலும் யு.சி. விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பியே ஆக வேண்டும். ஜனவரியில் கிரேடுகளைப் புதுப்பிக்கவும் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் கூடுதல் கவனம் தேவை. சாந்தா பார்பராவில் அது பொறியியல் கல்லூரிக்குள் வருகிறது, அங்கே பொறியியலுக்கு டேக் கிடையாது. மற்ற கேம்பஸ்களிலும் எந்த மேஜருக்கு உண்டு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்க்காமல் திட்டம் போடாதீர்கள்.

ஜி.இ. முதலில் என்பது இவனுக்குப் பொருந்தாது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து சேருபவர்களுக்குக் கால்-கெட்க் (Cal-GETC) என்ற ஒரே ஜி.இ. தொகுப்பு, 34 செமஸ்டர் யூனிட். பெர்க்லி பொறியியல் கல்லூரி போன்ற இடங்கள் அப்படிப்பட்ட தொகுப்பை ஏற்பதில்லை. ஆங்கிலம் இரண்டு பாடம், கணிதம், ப்ரோகிராமிங், பிசிக்ஸ், இவைதான் முதல் வருஷத்திலேயே ஓட வேண்டும். மீதி ஜி.இ.யை இடம் கிடைக்கும்போது செருகிக்கொள்ளலாம். மேஜர் பாடங்களை லெட்டர் கிரேடுக்கே எடுக்கச் சொல்லுங்கள், பாஸ்/நோ பாஸ் வேண்டாம். 2025 இலையுதிர் பருவம் முதல் சில பாடங்களுக்கு எல்லாக் காலேஜிலும் பொது எண் வந்திருக்கிறது. முதல் ஆங்கிலப் பாடம் இப்போது இங்கிலிஷ் சி1000. அசிஸ்டின் பழைய ஆண்டுப் பக்கத்தில் பழைய எண்தான் இருக்கும், தேடும்போது வகுப்பு எடுக்கும் ஆண்டையே தேர்ந்தெடுங்கள்.