கரவெட்டி வீட்டார் (குழு)

செல்வி அக்கா: குகன், சந்தோசம்டா! யூகேயில அகதி விசா கிடைச்சிட்டுதாமே. ஆரோ 150 பவுண் காசு கேக்கிறானாம், சாந்தி சொன்னவ

குகன்: ஓமக்கா. இ-விசா, அதான் ஒன்லைன் விசா, அதுக்குக் கணக்குத் திறந்து தரவாம். தன்ர ஈமெயிலைத்தான் போடுவானாம்

ரவி (ரொறன்ரோ): குடுத்திடாத

தயாளன் மாமா: குகன், கவனமா வாசி. அந்தப் பழைய பிளாஸ்ரிக் விசா காட் 2024 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது. இப்ப எல்லாம் ஒன்லைன். யூகேவிஐ, அதான் யூகே விசாக் கந்தோர், அதில கணக்குத் திறக்க ஒரு சதமும் இல்லை. கணக்குக்கு உள்ளுக்குப் போற நேரமெல்லாம் போனுக்கோ ஈமெயிலுக்கோ கோட் வரும். அவன்ர ஈமெயிலைப் போட்டா உன்ர விசாவைப் பாக்க அவனுக்குப் பின்னால திரிய வேணும். வாடகை வீட்டுக்காரன் ஷேர் கோட் கேப்பான், உன்ர விசாவை ஒன்லைன்ல பாக்கிறதுக்கு நீ எடுத்துக் குடுக்கிற கோட். வீட்டுக்கு எடுக்கிறது ஆர் எழுத்தில தொடங்கும், வேலைக்கு டபிள்யூ. மாத்திக் குடுத்திடாத. ஷேர் கோட் 90 நாள்தான் செல்லும்.

ரவி: மாமா புத்தகம் போடலாம்

தயாளன் மாமா: இன்னும் முடியேல்லை. யூனிவர்சல் கிரெடிட், அதான் அரசாங்க உதவிக் காசு, இண்டைக்கே போடு, முதல் காசு வரக் கிட்டத்தட்ட 5 கிழமை. விபரத்தை அனுப்பு, நானே நிரப்பி விடுறன்.

செல்வி அக்கா: வேண்டாம் மாமா. சாந்தி தானே இருந்து நிரப்பட்டும். பிறகு அந்த யூனிவர்சல் கிரெடிட் கணக்கில, ஜேர்னல்ல மெசேஜ் வந்தா ஆர் பாக்கிறது?

தயாளன் மாமா: நான் பாப்பன்

செல்வி அக்கா: பெரியப்பான்ர காணி உறுதியையும் நீங்கள்தான் பாத்தனீங்கள்

ரவி: தொடங்கிட்டுது

பெரியம்மா: (குரல் செய்தி)

ரவி: ஒடியல் மா வந்து சேந்ததோ எண்டு கேக்கிறா

செல்வி அக்கா: வந்தது. பாதி மதிக்கு வச்சிருக்கிறன்

மதி: எப்ப? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை

குகன்: போன் ஒண்டுதான் அக்கா. பின்னேரம் மகள் வீட்டுப்பாடம் செய்வா. டேட்டாவும் முடிஞ்சுது, ஹோட்டல் வைஃபையில எழுதுறன்

செல்வி அக்கா: சில லைப்ரரியில நேஷனல் டேட்டாபாங்க் எண்டு டேட்டா சிம் குடுக்கினம், இலவசம். எல்லா இடத்திலயும் இல்லை, கேட்டுப் பாக்க வேணும். கொம்பியூட்டரும் இருக்கு. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போறன்

ரவி: என்ர பழைய லாப்டொப் அனுப்பட்டே?

மதி: கோயிலுக்கு அனுப்பின தண்ணிப் பம்ப் மாதிரியோ

ரவி: அது கஸ்டம்ஸில நிண்டது

மதி: ஓமோம்

சாந்தி: அக்கா, நான் கச்சேரியில கிளாக்கா இருந்தனான். டைப் பண்ணுவன். பாஸ்வேர்ட் மறந்தாத்தான் பயம்

தயாளன் மாமா: எனக்கும் ஒருக்கா அனுப்பி வை பிள்ளை, பாதுகாப்புக்கு

செல்வி அக்கா: மாமா!!

தயாளன் மாமா: சும்மா சொன்னன்

செல்வி அக்கா: சாந்தி, கொப்பியில எழுதி வை. ஒருத்தருக்கும் அனுப்பாத. ஐயோ, சனி எனக்கு டியூட்டி போட்டிருக்கிறாங்கள். மதி, உனக்கு ஏலுமே?

மதி: சனி பிள்ளையளுக்கு ரியூசன். ஞாயிறு லைப்ரரி துறப்பினமோ?

தயாளன் மாமா: நான் சனி ஃப்ரீ

மதி: பாப்பம். அக்கா, அந்த மா எங்க?